கிடங்கில் பிறந்த இசை

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் வரலாற்றுக் கழகத்தாருடைய அழைப்பை ஏற்று அங்கே பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்தபின், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பிறர் பாடிய இசைத்தட்டுகளை வரிசையாக வைத்து ஓட்டுபவருக்கு இசை வரலாற்றில் இடம் உண்டா?" என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் அவர் என்னருகே வந்து, தம் தமையனார் விழாக்களில் டி.ஜே.யாகத் தொழில் செய்கிறார் என்றும், வீட்டில் அதனை ஒரு தொழிலாகவே எவரும் கருதுவதில்லை என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். நான் ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அது என்னை உறுத்தியது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று வானொலி வழியாகச் சொல்ல விழைகிறேன்.

டி.ஜே. என்பது 'டிஸ்க் ஜாக்கி' என்பதன் சுருக்கம். ஜாக்கி என்றால் பந்தயக் குதிரையை ஓட்டுபவர். அவ்வாறாயின் டிஸ்க் ஜாக்கி, இசைத்தட்டின்மீது சவாரி செய்பவர் ஆகிறார். இச்சொல் நடன விடுதியில் பிறந்ததன்று; அமெரிக்க வானொலியில் பிறந்தது. ஆகவே இதுபற்றி வானொலியில் பேசுவதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

எங்கள் ஊரில், என் இளமையில், கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் 'ரேடியோ செட்' வைக்கும் ஒருவர் இருந்தார். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஒன்று, தட்டைச் சுழற்றும் பெட்டி ஒன்று, தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இவையே அவருடைய உடைமை. விடியற்காலையில் பக்திப் பாடல், மணமகன் வந்திறங்கும்போது நாகசுரம், மாலையில் மெல்லிய காதல் பாட்டு என்று எந்த நேரத்துக்கு எது தகும் என்பதை அவர் நன்கு அறிவார். பந்தி தாமதமாகி, பெரியவர்கள் முகம் சுளிக்கத் தொடங்கினால், அந்த நொடியே ஒரு நகைச்சுவைப் பாட்டை எடுத்துப் போடுவார். பந்தலின் மனநிலை மாறிவிடும். அதனை மாற்றியவர் அவர்தாம் என்பது ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவருக்குக் கடைசிப் பந்தியிலேதான் இலை போட்டார்கள். இன்று நான் கூறப்போகும் மனிதரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த ரேடியோ செட்காரர் அடிக்கடி என் நினைவுக்கு வந்தார்.

அம்மனிதரின் பெயர் பிராங்கி நக்கிள்ஸ். இயற்பெயர் பிரான்சிஸ் வாரன் நிக்கல்ஸ். 1955ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது ஜவுளி வடிவமைப்பு. துணியை வெட்டி, ஒட்டு தெரியாமல் இணைக்கும் அக்கல்வி பின்னாளில் வேறொரு வகையில் அவருக்குப் பயன்பட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருடைய உயிர்த்தோழர் லாரி லெவான். இருவரும் நியூயார்க்கின் நடன விடுதிகளில் சிறு வேலைகள் செய்து, தட்டுகளைச் சுழற்றும் கலையைப் பார்த்துப் பார்த்தே கற்றனர். அன்சோனியா என்ற பெரிய ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இயங்கிய 'கான்டினென்டல் பாத்ஸ்' என்னும் குளியல் விடுதியில் இருவருக்கும் முதல் வாய்ப்புகள் கிட்டின. எழுபதுகளின் நடுப்பகுதி அது. டிஸ்கோ என்ற நடன இசை அமெரிக்காவை ஆட்கொண்டிருந்த காலம்.

அந்நாளில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் சிகாகோவில் ஒரு நடன விடுதியைத் தொடங்க முற்பட்டார். அவர் முதலில் அழைத்தது லெவானை. லெவான் நியூயார்க்கை விட்டு வர மறுத்துவிட்டார். அடுத்து நக்கிள்ஸைக் கேட்டார். 1977ஆம் ஆண்டில், 22 வயது இளைஞராக, நக்கிள்ஸ் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாவதாக அழைக்கப்பட்டவர் வரலாற்றில் முதலிடம் பெறுவது புதுமையன்று. நியூயார்க்கிலேயே தங்கிய லெவானும் 'பாரடைஸ் கராஜ்' என்ற விடுதியில் பெரும்புகழ் பெற்றார். ஆயினும் 1992ஆம் ஆண்டில் தம் 38ஆம் வயதிலேயே மறைந்தார்.

சிகாகோ என்றதும் நமக்கு 1893ஆம் ஆண்டும், விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவையும் நினைவுக்கு வரும். தொழிலாளர் வரலாற்றில் நாட்டமுள்ளோர் 1886ஆம் ஆண்டின் ஹேமார்க்கெட் சதுக்கத்தையும் மே நாளையும் நினைப்பர். அந்தச் சதுக்கத்திலிருந்து ஏறக்குறைய அரை மைல் தொலைவில், தெற்கு ஜெபர்சன் தெருவில், 206 என்ற எண்ணுள்ள மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்பு தொழிற்கூடமாக இருந்த கட்டடம். மக்கள் அதனைக் கிடங்கு என்ற பொருளில் 'வேர்ஹவுஸ்' என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது.

சனிக்கிழமை இரவு திறந்தால் ஞாயிற்றுக்கிழமை நண்பகல்வரை அங்கே ஆட்டம் நடக்கும். மது இல்லை, பழச்சாறு உண்டு. வந்தவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களுள்ளும் தன்பால் ஈர்ப்புடைய இளைஞர் மிகுதி. நக்கிள்ஸும் அத்தகையவரே, அதனை அவர் மறைத்ததில்லை. நகரின் நடுவிலிருந்த பல விடுதிகளின் வாயிலில் நிறத்தைப் பார்த்தே ஆளைத் திருப்பி அனுப்பிய காலம் அது. இயல்பு தெரிந்தால் பெற்ற வீட்டிலும் இடமில்லை, ஊர்க் கோயிலிலும் இடமில்லை. அத்தகையோர்க்கு அந்தக் கிடங்கே ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம் என்று நக்கிள்ஸ் பின்னர்க் கூறியிருக்கிறார். மாணவ நண்பர்களே, இசையின் வரலாற்றில் அரங்கின் வரலாறும் அடங்கும். நம் நாகசுரம் கோயில் வீதியின் அகலத்துக்கு ஏற்ப ஒலித்தது. இந்த இசையோ, வேறு எங்கும் ஆட முடியாதவர்கள் விடியும்வரை ஆடுவதற்கு ஏற்ப நீண்டது.

அங்கே அவர் செய்தது என்ன? இரண்டு சுழற்றிகள், நடுவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கலவைப் பெட்டி. ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்துக்குக் கேளாமல், அடுத்த தட்டைக் காதணி ஒலிபெருக்கியில் தாம் மட்டும் கேட்டு, இரண்டின் காலப்பிரமாணத்தையும் ஒன்றாக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு வந்த டெக்னிக்ஸ் நிறுவனத்தின் சுழற்றியில் இதற்கென ஒரு நழுவு குமிழ் உண்டு. தட்டின் வேகத்தை நூற்றுக்கு 8 பங்கு வரை கூட்டலாம், குறைக்கலாம். வேகம் ஒன்றினால் போதாது. சமமும் சமமும் சேர வேண்டும். மிருதங்க வித்துவான் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, மற்றொருவர் அதே ஆவர்த்தனத்தில் நுழைந்து, முன்னவர் எழுந்து போனதே தெரியாமல் கச்சேரியைத் தொடர்வது போன்றது இது. தவறினால் ஆடுபவரின் கால் உடனே இடறும்; கேட்பவர் மன்னித்தாலும் ஆடுபவர் மன்னியார்.

நக்கிள்ஸ் அவ்வளவில் நிற்கவில்லை. சில இரவுகளில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ரயில் வண்டி விரைந்து வரும் ஒலிப்பதிவை முழு வலிமையுடன் ஓட்டுவார். இருளில் நிற்கும் கூட்டத்துக்கு வண்டி அறையின் ஊடே பாய்ந்து செல்வதுபோல் இருக்குமாம். பிறகு மெல்லத் தாளம் திரும்பும். எங்கள் ரேடியோ செட்காரருக்கு இந்த உத்தி தெரிந்திருந்தால் எத்தனை பந்திகள் கலைந்திருக்குமோ அறியேன்.

இனி நான் கூறப்போவது வானொலியைச் சார்ந்தவர்கள் பெருமையுடன் கேட்கக்கூடிய செய்தியன்று. சிகாகோ வானொலி நிலையம் ஒன்று 1978ஆம் ஆண்டின் இறுதியில் டிஸ்கோ இசைக்கு மாறியபோது, ஸ்டீவ் டால் என்ற அறிவிப்பாளர் வேலையிழந்தார். வேறொரு நிலையத்தில் சேர்ந்த அவர், டிஸ்கோவை எள்ளுவதையே தம் நிகழ்ச்சியின் உயிராகக் கொண்டார். 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், கொமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில் ஒரே மாலையில் இரண்டு ஆட்டங்கள் நடைபெற இருந்தன. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருபவர்க்கு நுழைவுக் கட்டணம் 98 செண்டு மட்டுமே என்று அறிவித்தார்கள். அவ்வானொலியின் அலை எண் 97.9 என்பதால் அந்தத் தொகை. ஏறக்குறைய 50,000 பேர் கூடினர். முதல் ஆட்டம் முடிந்ததும், மைதானத்தின் நடுவே பெரிய பெட்டியில் குவிக்கப்பட்டிருந்த தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உடனே ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தனர், புல்வெளி சிதைந்தது, போலீசார் வந்தே அவர்களை விரட்ட வேண்டியதாயிற்று. இரண்டாவது ஆட்டம் நடைபெறவில்லை. அதனை எதிரணிக்கே வெற்றியாக வழங்கினார்கள்.

அன்று அம்மைதானத்தில் பார்வையாளர்க்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தான் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன். மின்னிசைக் கருவி ஒன்று வாங்குவதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். வந்தவர்கள் கொணர்ந்த தட்டுகளை அவன் கவனித்தான். டிஸ்கோவுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத, கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் பல அவற்றில் இருந்தன. அந்த அறிவிப்பாளரோ, தமக்கு இனப்பகை ஏதும் இல்லை என்றே பின்னாளில் கூறிவந்தார். இருக்கலாம். ஒருவர் எண்ணியது வேறு, கூடிய கூட்டம் கொண்டு வந்தது வேறு என்பதை வரலாறு படிப்போர் பிரித்தறிய வேண்டும். பெட்டியை அறிவித்தவரின் சொல்லைக் காட்டிலும் பெட்டிக்குள் இருந்தவற்றைக் கண்டவரின் சாட்சியத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதன்பின் இசைத்தட்டு நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிடலாயின. நக்கிள்ஸுக்கு இது வயிற்றுப்பாட்டையே தொடும் இடர். ஒவ்வொரு வாரமும் ஆடுவதற்குக் கூட்டம் வருகிறது. ஆடுவதற்கேற்ற புதுத் தட்டுகளோ வருவதில்லை. என்ன செய்வது? பழைய தட்டுகளையே புதியனவாக ஆக்கத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கல்வி பயின்ற எராஸ்மோ ரிவேரா என்ற நண்பர் துணை நின்றார்.

அவ்வேலை நடந்த விதத்தைச் சற்றே விரித்துச் சொல்கிறேன். ஏனெனில் மாணவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு பாடல் நான்கு நிமிடம் ஓடும். அதில் குரல் ஓய்ந்து, தாளக் கருவியும் அடிநாதமும் மட்டும் ஒலிக்கும் இடம் சில நொடிகளே. ஆடுபவர்க்கு உயிரான இடம் அதுவே. அதை ஒலிநாடாவில் பலமுறை பதிந்து, வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட வேண்டும். தொழில்முறை நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நிமிடத்துக்கு 120 கொட்டு என்ற நடையில் ஒரு கொட்டுக்கு அரை நொடி, அதாவது ஏழரை அங்குல நாடா. நான்கு கொட்டுக்கு 30 அங்குலம். அறுபத்து நான்கு கொட்டு வேண்டுமாயின் 40 அடி நாடாவை அளந்து, சவர அலகால் வெட்டி, ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் அரை அங்குலம் பிழைத்தாலும் கொட்டு நொண்டும். இவ்வாறு நான்கு நிமிடப் பாடலை நீட்டி, எழுச்சியைத் தாமதித்து, கூட்டம் ஏங்கும்வரை ஏங்க வைத்து, பின்னர்க் குரலைத் திரும்ப விடுவார். மூலப் பாடலை இயற்றியவர் அறியாத ஒரு வடிவம் அதற்குள்ளிருந்து வெளிப்பட்டது. இது படைப்பாகாது என்பவர், பழம் பதத்தை எடுத்துப் புதிய சங்கதிகளால் விரிப்பவரையும் படைப்பாளர் அல்லர் என்று கூறத் துணிய வேண்டும்.

நகர மக்கள் இந்த இசையைத் தேடி இசைத்தட்டுக் கடைகளுக்கு வந்தனர். கடைக்காரர்கள் சில தட்டுகளின்மேல், இவை வேர்ஹவுஸில் ஒலிப்பவை என்று சீட்டு எழுதி வைத்தார்களாம். சீட்டில் இடம் குறைய, 'வேர்' உதிர்ந்து 'ஹவுஸ்' மட்டும் நின்றது. வீட்டிலேயே பதிவு செய்யப்பட்டதால் 'ஹவுஸ்' என்று கூறுவாரும் உளர். எனக்கு முதல் விளக்கமே பொருந்துவதாகப் படுகிறது. எவ்வாறாயினும், ஒரு கட்டடத்தின் பெயரில் பாதி உலகப் பொதுச்சொல் ஆகிவிட்டது. இந்த இசையை 'டிஸ்கோவின் பழிவாங்கல்' என்றே நக்கிள்ஸ் சிரிப்புடன் குறிப்பிடுவார். பழிவாங்குவதில் இவ்வளவு இனிய வகையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1982ஆம் ஆண்டின் இறுதியில், விடுதியின் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தியபோது நக்கிள்ஸ் அங்கிருந்து விலகி, 'பவர் பிளாண்ட்' என்ற தம் சொந்த விடுதியைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் டெட்ராயிட் நகரிலிருந்து டெரிக் மே என்ற இளைஞர் ஒரு பெட்டியுடன் வந்தார். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.ஆர். 909 என்னும் தாளப்பொறி அது. நக்கிள்ஸ் அதனை விலைக்கு வாங்கினார். மனித மிருதங்கக்காரருக்கு மாற்றாக விற்க முயன்று, சந்தையில் தோற்றுப்போன கருவி அது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தியும் நின்றது. மெய்யான தோற்கருவிபோல் அது ஒலிக்கவில்லை என்பதே வாங்குவோரின் குறை. அக்குறையே நக்கிள்ஸுக்கு நிறைவாயிற்று. பழைய தட்டின் அடியில் அந்தப் பொறியின் கனத்த கொட்டை ஓடவிட்டபோது, டிஸ்கோவாகவும் இல்லாத, முற்றும் இயந்திரமாகவும் இல்லாத ஓர் இசை எழுந்தது. இடையே ஒரு செய்தி: இதே நிறுவனத்தின் வேறு கருவிகளைக் கொண்டு, பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982ஆம் ஆண்டிலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்துப் பதிவு செய்தார். சிகாகோவினர் அதனை அறியார், நம்மவரும் பொருட்படுத்தவில்லை. 2010ஆம் ஆண்டு மறுபதிப்பு வந்தபின்னரே உலகம் வியந்தது.

சிகாகோவின் இளைஞர் பலர் தாமே இசை அமைக்கத் துணிந்தனர். 1984ஆம் ஆண்டு ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட தட்டு, ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதன் ஆக்கத்தில் பங்கு கொண்டவர் யார் தெரியுமா? மைதானத்தில் இருக்கை காட்டிய அதே வின்ஸ் லாரன்ஸ். மைதானப் பணியில் சேர்த்த காசு வீண்போகவில்லை. வானொலியும் தன் கடனைத் தீர்த்தது எனலாம்: 1981ஆம் ஆண்டு முதல் 'ஹாட் மிக்ஸ் பைவ்' என்ற ஐவர் குழு, சிகாகோ வானொலி ஒன்றில் இவ்விசையை ஓட்டி நகரெங்கும் பரப்பியது.

நக்கிள்ஸின் வாழ்வில் எனக்குச் சற்று நெருடலான பகுதி ஒன்று உண்டு, அதனையும் சொல்லவேண்டும். ஜேமி பிரின்சிபிள் என்ற இளைஞர் 'யுவர் லவ்' என்னும் பாடலை இயற்றிப் பாடினார். நாடாவில் இருந்த அப்பாடலை நக்கிள்ஸ் தம் விடுதியில் ஓட்டினார்; நகரம் முழுவதும் அதன் பிரதிகள் கைமாறின. 1986ஆம் ஆண்டில் ஜேமியின் பெயரில் ஒரு தட்டு வந்தது. மறு ஆண்டில் டிராக்ஸ் என்ற நிறுவனம் வேறொரு வடிவத்தை வெளியிட்டபோது தட்டின்மேல் இருந்த பெயர் நக்கிள்ஸ் ஒருவருடையதே. இன்றும் பலர் அதனை நக்கிள்ஸின் பாடல் என்றே அறிவர். ஓட்டுபவரும் படைப்பாளரே என்று இவ்வளவு நேரம் வாதிட்ட நான், இயற்றியவரின் பெயர் மறைவதை எவ்வாறு ஏற்பேன்? ஓட்டியவரின் பங்கை உயர்த்தும் அதே நாவால் எழுதியவரின் பங்கையும் சொல்வதே நேர்மை. அக்காலச் சிகாகோவில் ஒப்பந்தங்கள் மெலிந்தவை. புகழ் கடல் கடந்து சென்றபோதும் பணம் இசைஞரை வந்தடையவில்லை. லாரி ஹேர்டு, ராபர்ட் ஓவன்ஸ் என்ற இரு முன்னோடிகள் 2020ஆம் ஆண்டில் டிராக்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்து, 2022ஆம் ஆண்டில்தான் தம் பாடல்களின் உரிமையை மீட்டனர். இடையில் கழிந்தவை முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

பிறந்த ஊரில் தெருவோரம் நின்ற இவ்விசை, இங்கிலாந்தில் அரியணை ஏறியது. 1987ஆம் ஆண்டு ஜனவரியில் சிகாகோ இளைஞர் ஸ்டீவ் ஹர்லியின் பாடல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு நக்கிள்ஸின் விடுதி மூடப்பட்டது. அவர் லண்டன் சென்று சில மாதங்கள் தட்டுச் சுழற்றினார். பிறகு நியூயார்க் திரும்பி, டேவிட் மொராலெஸ் முதலியோருடன் 'டெப் மிக்ஸ்' என்ற அமைப்பில் பணிபுரிந்தார். ஒரு காலத்தில் சவர அலகுடன் நாடாவை வெட்டிய கைக்கு இப்போது பெரிய பாடகர்களின் மூல ஒலிப்பதிவுகளே வந்து சேர்ந்தன. மைக்கேல் ஜாக்சன், சாக்கா கான் ஆகியோருடைய பாடல்களுக்கு மறுகலவை செய்தார். 1989ஆம் ஆண்டு ஜப்பானியரான சடோஷி டோமியேயுடன் சேர்ந்து அமைத்த 'டியர்ஸ்', 1991ஆம் ஆண்டு வெளியான, புல்லாங்குழல் போன்ற மெல்லிசை தவழும் 'விசில் சாங்' ஆகியவை அவருடைய இயல்பைக் காட்டுவன. ஆரவாரம் மிகுந்த துறையில் இருந்துகொண்டு, அமைதியான இசையை அமைத்தவர் அவர். மாணவர்கள் முதலில் கேட்கத் தக்கது பின்னதே என்பது என் கருத்து. 1998ஆம் ஆண்டு கிராமி விருதுக் குழுவினர், மறுகலவையாளருக்கென்றே புதிதாக ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் ஆண்டில் அதனை அவருக்கு வழங்கினர்.

அரசாங்கங்களின் போக்கு விந்தையானது. 2000ஆம் ஆண்டில் சிகாகோ நகர மன்றம், உரிமம் பெறாத நடன நிகழ்ச்சிகளுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. கட்டட உரிமையாளர், ஏற்பாட்டாளர் ஆகியோரோடு தட்டுச் சுழற்றுபவருக்கும் 10,000 டாலர்வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடம் தந்தது. நான்கே ஆண்டுகளில், 2004 ஆகஸ்டு 25ஆம் நாள், அதே நகரம் ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்கு 'பிராங்கி நக்கிள்ஸ் வழி' என்று பெயர் சூட்டியது. அதற்குத் துணைநின்றவருள் ஒருவர், அந்நாளில் இல்லினாய் மாநில மேலவை உறுப்பினராக இருந்த பராக் ஒபாமா.

நக்கிள்ஸின் இறுதி ஆண்டுகள் நோயுடன் கழிந்தன. நீரிழிவு இருந்தது, பனிச்சறுக்கு விளையாட்டில் முன்பு ஏற்பட்ட கால் காயம் முற்றி, 2008ஆம் ஆண்டில் ஒரு பாதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. இரவெல்லாம் நின்றுகொண்டே செய்யும் தொழில் அவருடையது. பாதம் போனபின்னும் அவர் அத்தொழிலை விடவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் லண்டனில் ஒரு விடுதியில் தட்டுச் சுழற்றிவிட்டுச் சிகாகோ திரும்பியவர், 31ஆம் நாள் தம் 59ஆம் வயதில் காலமானார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஒபாமாவும் அவர்தம் துணைவியாரும் இரங்கல் மடல் விடுத்தனர்.

ஜெபர்சன் தெருக் கட்டடம் விற்கப்படலாம், இடிக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தபோது மக்கள் குரல் கொடுத்தனர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நகர மன்றம் அதனைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. வெளியே நின்று பார்த்தால் கவின்மிகு கட்டடம் என்று எவரும் சொல்லார். செங்கல்லும் சன்னலும் உள்ள பழைய தொழிற்கூடம்; அவ்வளவே.

அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த இசைத்தட்டுகள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. சிகாகோவின் தென்பகுதியில், 1923ஆம் ஆண்டு கட்டப்பட்டுப் பின்னர்ப் பாழடைந்து கிடந்த வங்கிக் கட்டடம் ஒன்றைத் தியாஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் புதுப்பித்து, 2015ஆம் ஆண்டில் கலைக்கூடமாகத் திறந்தார். நக்கிள்ஸின் தட்டுகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. 1979ஆம் ஆண்டின் அந்தக் கோடை மாலையில், 98 செண்டுடன் சேர்த்து வாயிலில் கொடுத்து, வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட தட்டுகளும் அதே ஆலைகளில் அச்சானவைதாம். அதே வட்டம், அதே கறுப்பு. சென்ற ஆண்டு என்னிடம் கேள்வி கேட்ட மாணவரும் அவர்தம் தமையனாரும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வங்கியின் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும்: ஸ்டோனி ஐலண்டு கலை வங்கி.